ஓட்டத்தை நடையாக்கிய அக்காவுக்கு

பிலிம் சுருளைப் பிள்ளைபோல் ஏந்திய பெருந்தகையே! பதற்றம் அறியாத பண்பின் உறைவிடமே! முப்பத்தோரு ஆண்டுகள் எங்கள் படமாற்றுக் கூடத்தின் மூலை மேசையில் முதுகு வளையாமல் அமர்ந்திருந்து இன்று பணி ஓய்வு பெறும் முதன்மைத் தொழில்நுட்பரே! எங்கள் ‘பதினாறு அக்கா’வே! வணக்கம்!

வீடுகளில் எடுத்த பழைய படச்சுருள்களைக் கணினிக்கு மாற்றித் தருவது நம் தொழில். அந்தக் காலக் கேமராக்கள் பல நொடிக்குப் பதினாறு படங்களே எடுத்தன. நம் இயந்திரமோ இருபத்தைந்தாக ஓட்டித் தள்ளிவிடும். மணமகள் குடுகுடுவென்று ஓடுவாள். தாத்தா துள்ளித் துள்ளி நடப்பார். “பழைய படம்னா அப்படித்தாங்க இருக்கும்” என்று நாங்கள் கூசாமல் சொல்லி அனுப்புவோம். தொடக்கத்தில் நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள். பாராட்டு மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று மேலாளர் கேட்டார். எழுதாவிட்டால் வாசிக்கும்போது நடுவிலேயே எழுந்து நீங்களே திருத்துவீர்கள் என்றோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியை வந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தவர். தந்தையின் நினைவாக அவரிடம் இருந்தது, நாம் எப்போதோ மாற்றிக் கொடுத்த மூன்று நிமிடப் படமும் அதன் மூலச் சுருளும்தான். படத்தில் தந்தை தெருவில் விறுவிறுவென்று போகிறார்; வெடுக்கென்று திரும்புகிறார்; மறுபடி போகிறார். “வீட்ல எல்லாரும் இதப் பாத்து விழுந்து விழுந்து சிரிப்பாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வராது மேடம். பின்னாடி வர்ற என்னைத் திரும்பி முறைச்சுட்டுப் போற மாதிரியே இருக்கும்” என்றார் அவர்.

பொறுமையின் பொற்குடமே! நீங்கள் மூலச் சுருளை வாங்கி ஓட்டிப் பார்த்தீர்கள். அதே சுருளில் யாரோ பந்தை மேலே எறிந்து பிடிக்கும் காட்சி ஒன்று இருந்தது. “மனுஷன் அவசரப்படுவான், பந்து அவசரப்படாது” என்று சொல்லி, நம் தாழ்வாரத்தில் நின்று நீங்களும் அதே உயரத்துக்குப் பந்து எறிந்தீர்கள். நாங்கள் கடிகாரத்தில் நேரம் பார்த்தோம். முதல் எறியில் குழல்விளக்கு ஒன்று பலியானது. கண்ணாடித் தூளைப் பெருக்கியவர்கள் இந்த மடலில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். சுருளில் பந்து ஏறி இறங்கும் படங்களை எண்ணி, அந்த நேரத்தால் வகுத்தீர்கள். மாலைக்குள் கணக்கு வந்தது: நொடிக்குப் பதினாறு. ஒரு படத்தைக்கூட வெட்டவில்லை, ஒன்றையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றும் திரையில் நிற்கும் நேரத்தை மட்டும் கூட்டினீர்கள்.

மறுநாள் ஆசிரியை பார்த்தார். தந்தை சாவகாசமாக நடக்கிறார். திரும்புகிறார். கழன்ற செருப்பை மாட்டிக்கொள்ளும் குட்டிப்பெண்ணைப் பார்த்து நிற்கிறார். பிறகுதான் நடக்கிறார். அவர் நின்ற நேரத்தில் கூடியது அரை நொடிதான். அந்த அரை நொடியில் முறைப்பு போய்விட்டது.

“எனக்காக நின்னிருக்காரு” என்று அவர் விம்மினார். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னீர்கள்: “அந்த அவசரம் உங்க அப்பாவோடது இல்லம்மா. என்னோடது. முதல்ல இதை மாத்திக் கொடுத்தது நான்தான்.”

அதோடு விட்டீர்களா? பழைய பதிவேடுகளைப் புரட்டி, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினீர்கள். “வம்பை விலைக்கு வாங்காதீங்கம்மா” என்றார் மேலாளர். “வித்ததே நாமதானே சார்” என்றீர்கள். நானூற்றுச் சொச்சம் சுருள்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் விழும் பந்தையோ, கொட்டும் தண்ணீரையோ, குதிக்கும் பிள்ளையையோ தேடி, அவரவர் நடையை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். தவறு செய்யாதவரைப் போற்றுவது எளிது அக்கா. செய்த தவறைத் தேடிப்போய்த் திருத்தியவரோடு வேலை பார்த்தோம் என்பதே எங்களுக்குப் பெருமை.

பதினாறும் பெற்று வாழ்க என்று பிறரை வாழ்த்துவார்கள். உங்களிடம் பதினாறு முன்பே இருக்கிறது. ஆகவே, நோயில்லாத உடலும், யாரும் விரட்டாத காலைகளும், விளக்கில்லாத தாழ்வாரமும் வாய்த்து நெடுங்காலம் வாழ்க!

ஒரே ஒரு வேண்டுகோள். மாலையும் கழுத்துமாக வாசலைத் தாண்டும்போது, ஒருமுறை எங்களைத் திரும்பிப் பாருங்கள். அரை நொடி போதும்.

என்றும் உங்கள் அன்பில்,
படமாற்றுக் கூடப் பணியாளர்கள்