இரண்டு போத்தல் சுறா எண்ணெய்

வெள்ளை லெக்கோண் கோழி அடை கிடக்காது, டாக்குத்தர் ஐயா. அதன் முட்டையை ஊர்க்கோழியின் கீழ்தான் வைக்க வேண்டும். இருபத்தொரு நாள் அது பொறுமையாகக் கிடந்து, தன்னுடையதல்லாத குஞ்சைப் பொரித்துத் தரும். கோழிக்குப் பேதம் தெரியாது.

அந்தக் கதிரையில் இருங்கள். போத்தலை மேசையில் வையுங்கள். மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நான் மறைக்கப் போவதில்லை. மறைக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். எனக்கு இப்போது எல்லாமே களைப்பாக இருக்கிறது.

அச்சுவேலியில் பதினெட்டு வருடமாக இந்த லெக்கோண் இனத்தைத்தான் வளர்க்கிறேன். போன வருடம், தொண்ணூறில், சண்டையில் பாதை பூட்டித் தீவனம் வருவது நின்றது. நூற்றைம்பது கோழி பதின்மூன்றாகிவிட்டது. பன்னிரண்டு பேடும் ஒரு சேவலும். தவிடும் கீரையும் தின்று முட்டையிட்டன. ஆனால் பத்து முட்டை வைத்தால் இரண்டுகூடப் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் கண் மட்டும் கறுப்பாகத் தெரியும், மற்றது வளராமல் நிற்கும். கருவுக்கு நிரம்பாத கொழுப்பு என்கிற ஒருவகைக் கொழுப்பு வேண்டும், மூளையும் கண்ணும் அதில்தான் வளரும் என்று கால்நடைப் பயிற்சியில் படித்திருக்கிறேன். மீனெண்ணெயில் அது நிறைய உண்டு. காற்றும் வெயிலும் பட்டுக் கெட்டுக் காறிப்போனால் அதே கொழுப்பு கருவைக் கொல்லும். அதையும் அதே வகுப்பில்தான் படித்தேன்.

என் தம்பி சீவரத்தினம் தொண்டைமானாற்றில் கலியாணம் செய்தவன். பெண் கடற்கரைப் பெண், அருந்ததி. வீட்டில் எல்லோரும் குதித்தார்கள். நான் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் வளவிலேயே அவர்களுக்கு ஒரு அறை கொடுத்தேன். நாங்கள் சைவம், மீன் மணம் மட்டும் வீட்டுக்குள் வேண்டாம் என்றேன். அது சுத்தம் பற்றிய விஷயம்.

அருந்ததிக்கு இரண்டு கரு கலைந்து மூன்றாவது தங்கியது. மீனெண்ணெய்க் குளிசை எந்த மருந்துக்கடையிலும் இல்லை. தினம் ஒரு கரண்டி நல்ல சுறா எண்ணெய் குடிக்கச் சொன்னவர் நீங்கள்தான். அவளுடைய தகப்பன் ஏரம்பு ஈரலைக் காய்ச்சி வடித்துத் தந்தார். வெள்ளிக்கிழமைகளில் நான் சைக்கிளில் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போகிறவன். ஆகவே போத்தலை வாங்கி வருவது என் பொறுப்பாயிற்று.

"வெயில் படாமல் கொண்டு போங்கோ, தம்பி. பட்டால் காறிப்போம்" என்று ஈரச்சாக்கு சுற்றித் தருவார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றும் சொல்வார். நான் ஒருநாளும் குடித்ததில்லை. எனக்குத் தாகம் எடுப்பதில்லை.

முதல் கிழமை கோழிக்கென்று ஒரு கரண்டிதான் எடுத்தேன். பதினைந்து நாளில் முட்டையில் கரு நிலைக்கத் தொடங்கியது. பிறகு பாதிப் போத்தல் எடுத்தேன். குறைந்தது தெரியாமல் இருக்கப் பழைய சுறா எண்ணெயால் நிரப்பினேன். கோழிக்கூட்டுப் பலகைக்குப் பூச வாங்கி, ஒரு வருடமாகத் தகரத்தில் வெயில் காய்ந்த எண்ணெய் அது. ஆடி மாதத்திலிருந்து ஏரம்புவின் போத்தல் முழுதும் கோழிக்கு, தகரத்து எண்ணெய் முழுதும் அவளுக்கு.

ஒரு தரம் அவள் கேட்டாள். "அத்தான், எண்ணெய் ஒரு மாதிரிக் காறுது."

"உங்கடை ஆக்களுக்கு மீன் மணம் புதுசோ?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. கடற்கரையில் பிறந்தவளுக்கு நல்ல எண்ணெயும் கெட்ட எண்ணெயும் தெரியாமலா? ஆனால் எங்கள் வீட்டில் நின்று மீன் மணத்தைப் பற்றி அவள் இன்னொரு தரம் வாய் திறப்பாளா? மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். தம்பியிடமும் சொல்லவில்லை.

நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவன் இல்லை. தகரத்து எண்ணெயை இரண்டு பேட்டுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அவற்றின் முட்டைகளில் பாதி இடையிலேயே நின்றுவிட்டன. வெளியே வந்த மூன்று குஞ்சும் கழுத்தைத் திருகிக்கொண்டு மல்லாக்க விழுந்தன. அப்போது அருந்ததிக்கு ஐந்தாம் மாதம். அந்த இரண்டு பேட்டுக்கும் அன்றே எண்ணெயை நிறுத்தினேன்.

அவளுக்கு நிறுத்தவில்லை. நிறுத்தினால் நல்ல எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. அந்தப் பன்னிரண்டும் அழிந்தால் அந்த இனம் இங்கே அழிந்தது. எந்தக் கப்பல் கொண்டுவரும்? அவள் சின்ன வயசு, இன்னும் பெறலாம் என்று நினைத்தேன்.

எட்டாம் மாதம் பிள்ளை அசையாமல் பிறந்தது. ஆசுபத்திரிக் கட்டிலருகே ஏரம்பு போத்தலைத் திறந்து மணந்து, "உது நான் காய்ச்சின எண்ணெய் இல்லை" என்றாராம். அதுவரை அருந்ததி என்னைத்தான் கும்பிட்டுக்கொண்டு இருந்தாள், வெயிலில் அலைந்து எண்ணெய் கொண்டுவந்த அத்தான் என்று.

எண்ணெயால்தான் பிள்ளை போனது என்று நீங்கள் சத்தியம் பண்ண முடியாது, ஐயா. நான் பண்ணுவேன். நான் முட்டைகளை உடைத்துப் பார்த்தவன். தெரிந்துகொண்டுதான் அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையொப்பம் வைக்கிறேன்.

ஒன்றுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் சாதி பார்த்துச் செய்தேன் என்று ஏரம்பு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். சாதி பார்க்கிறவன் என்றால், அந்த மனுசன் கையால் காய்ச்சிய எண்ணெயை என் கோழிகளுக்குக் கொடுத்திருப்பேனா?