பாலத்தில் பறந்த செருப்பு

மேசையின்மேல் ஒற்றைச் செருப்பிருக்க, அதன் பின்னே சினத்தோடு வீற்றிருக்கும் எங்கள் கார் உரிமையாளர் சங்கத்தின் தலைவர், மரச்சாமான் கடை அதிபர், மதிப்புக்குரிய அண்ணன் அவர்களே! தீர்மானத்தை மூன்று முறை திருத்தி எழுதி, மூன்று முறையும் காரத்தை மட்டுமே கூட்டிய செயலாளர் அவர்களே! மெத்தை நாற்காலிக்கு ஆசைப்பட்டு மடக்கு நாற்காலியில் மாட்டிக்கொண்ட பெரியோர்களே! வீட்டு வேலை அத்தனையையும் முடித்துவிட்டு, எங்கள் வெட்டிப் பேச்சையும் கேட்க வந்திருக்கும் பொறுமையின் வடிவங்களாம் தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்து, இந்த மனுஷன் என்ன உளறப்போகிறானோ என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! கடைசி வரிசையில், கதவோரம், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகளே! அனைவருக்கும் கடைத்தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் கனிந்த வணக்கம்.

பின்னால் கேட்கிறதா? கேட்கலைன்னு ஒருவர் சொல்றார். கேட்காமலா ஐயா பதில் சொன்னீங்க?

அன்பர்களே! இன்று இந்த மன்றத்தில் இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். முதலாவது, காலை வேளையில் பாலத்தின்மேல் நம் கார்கள் ஊர்ந்து, ஓய்ந்து, உறங்கி நிற்கும்போது நடுச்சந்தில் புகுந்து போகும் மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க, பாலம் நெடுக இரும்புக் கம்பம் நடச் சொல்லும் தீர்மானம். இரண்டாவது, ஒரு கடிதம். பத்தொன்பது நாட்களுக்கு முன்னால், மஞ்சள் பெட்டி கட்டிய ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து நம் தலைவரின் காருக்குள் ஒரு செருப்பு வந்து விழுந்தது. அதோ, பூச்சாடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதே, அதே செருப்பு. அந்த வண்டியை ஓட்டிய பெண்ணை வேலையை விட்டு நீக்கும்படி அவளுடைய கம்பெனிக்குக் கடிதம் தயார். தலைவரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது விழுந்தால் நாளை முதல் அவளுக்கு வேலை இல்லை.

இவ்விரண்டையும் வழிமொழியத்தான் துணைத்தலைவனாகிய என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். ஏன் என்னை? எட்டே மாதத்தில் மூன்று பக்கக் கண்ணாடியைப் பறிகொடுத்தவன் நான்! போன ஆண்டு இதே மேடையில் நான் முழங்கியது மறந்தா போயிற்று? "சந்து கண்டால் நுழைகிறான், நுழைந்தால் உரசுகிறான், உரசினால் உடைக்கிறான், உடைத்தால் ஓடுகிறான்!" கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. இப்பவும் தட்டுறீங்களே! வேண்டாம், வேண்டாம். கொஞ்சம் பொறுங்க, அப்புறம் வருத்தப்படுவீங்க.

அன்றைக்குக் கைதட்டல் வாங்கிய நான், அன்று சொல்லாத ஒன்றை இன்று சொல்கிறேன். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வருவது தெரிந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? ஸ்டியரிங்கை மெதுவாக, மிக மெதுவாக, இரண்டே அங்குலம் திருப்புவேன். சந்து அடைபடும். அவன் நிற்பான். எனக்கு அதில் ஒரு பேரானந்தம்! நான் நகரவில்லை, நகரவும் வழியில்லை. ஆனால் அவனும் நகரவில்லையே! அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு பாலத்தைக் கடந்துவிடுவேன். யாரெல்லாம் இப்படிச் செய்திருக்கிறீர்கள், கை தூக்குங்கள். ஒருத்தரும் இல்லையா? சரி, சரி, ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த கைக்குத் தூக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஒரு நாள் காலை. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். குனிந்த நேரத்தில் வண்டி தானாகக் கொஞ்சம் ஒதுங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மஞ்சள் பெட்டி வண்டி ஒன்று என்னைக் கடந்து போகிறது. போனால் போகட்டும், போகிறபோது அதை ஓட்டியவர் என்னைப் பார்த்து வலது காலை நீட்டினார் பாருங்கள்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கா கால்? என் முகத்துக்கு நேரா காலா? அன்று கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு வேண்டாமென்றேன். "ரோட்டுல எவனோ காலைக் காட்டினதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்"னு இந்த அம்மா கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது.

மூன்றாம் நாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கையில் மூக்குக்கண்ணாடி, காதுக்கம்பி கோணல். "சார், ஹெல்மெட் போட்டுப் போட்டு வளைஞ்சிடுச்சு. கொஞ்சம் நிமித்திக் குடுங்க" என்றாள். எட்டி வாசலைப் பார்க்கிறேன். மஞ்சள் பெட்டி!

"நீதானா அது? பாலத்துல எனக்குக் காலைக் காட்டினது நீதானா?"

அவள் பயப்படவில்லை, ஐயா. முகமெல்லாம் சிரிப்பு. "அட, நீங்களா சார்? வழி விட்டீங்களே, அதான் நன்றி சொன்னேன்" என்றாள்.

"நன்றியா? யாரும்மா காலால நன்றி சொல்லுவாங்க? யார் காதுல பூ சுத்துற?"

அவள் என் கடை நடுவில் நின்று, இல்லாத வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக் காட்டினாள். "சார், இந்தக் கையில ஆக்சிலேட்டர். இந்தக் கையில கிளட்ச். அந்தச் சந்துல எந்தக் கையை எடுத்தாலும் உங்க கார்மேலதான் சாய்வேன். சிரிச்சாலும் ஹெல்மெட்டுக்குள்ள தெரியாது. சும்மா இருக்கிறது கால் ஒண்ணுதான். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவோம்."

காதுக்கம்பி நிமிர்ந்தது, என் புத்தி நிமிரவில்லை. "அப்போ என் கண்ணாடி மூணையும் உடைச்சது? அதுவும் நன்றியா?" என்று மடக்கினேன். "அந்த மாதிரி ஆளுங்களும் எங்ககிட்ட இருக்காங்க சார். உடைச்சிட்டு நிக்காம போறவனை நானே துரத்திப் போய்த் திட்டியிருக்கேன். அவனுக்காக நான் பேச மாட்டேன்" என்றாள். நியாயமான பேச்சா இல்லையா? போகும்போது, "ஒரு நாள் என் பின்னாடி உக்காந்து வாங்க சார், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீம்புக்காகவே போனேன், அன்பர்களே! துணைத்தலைவன் பயந்துவிட்டான் என்று ஒரு பெண் நினைக்கலாமா? இரவல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அந்த மஞ்சள் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பல்! பல் செட் செய்யும் இடத்திலிருந்து பல் டாக்டர்களுக்கு எடுத்துப் போவதுதான் அவள் தொழில். அன்றைக்கு அதில் இருந்தது ஒரு கிளாரினெட் கலைஞரின் மேல்வரிசைப் பல். சாயந்திரம் அவருக்குக் கச்சேரி. பல் எங்களோடு பாலத்துக்கு இந்தப் பக்கம். வாய் பாலத்துக்கு அந்தப் பக்கம்! "பத்து மணிக்குள்ள மாட்டினாத்தான் சார் அவர் ஊதிப் பாத்துப் பழக முடியும். இல்லன்னா காத்துதான் வரும்" என்றாள்.

பாலம் வந்தது. வரிசை நின்றது. நாங்கள் நுழைந்தோம். நடக்கிற வேகம்தான், நம்புங்கள். காருக்குள் இருந்து பார்த்தபோது பாய்ச்சலாகத் தெரிந்தது, பின்னால் உட்கார்ந்து பார்த்தால் பதமான ஊர்தல். இருபது வருஷமாக நான் கடக்கும் பாலத்தில் அன்றுதான் முகங்களைப் பார்த்தேன். ஒருவர் கண்ணாடியைப் பார்த்து மீசை வெட்டுகிறார். ஓர் அம்மா பின்சீட்டுப் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறார். ஏழெட்டு ஐம்பத்தாறில் பிள்ளை நிற்கிறது, அம்மாவுக்கும் வரவில்லை. ஒருவர் தனியாக, ஆனந்தமாக, அபஸ்வரமாகப் பாடுகிறார். நான் எட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். நீங்களா அது? உட்காருங்கள், உட்காருங்கள், பெயரைச் சொல்ல மாட்டேன்.

அப்போது ஒரு சிவப்புக் கார். மெதுவாக, மிக மெதுவாக, இரண்டே அங்குலம் திரும்பியது. சந்து அடைபட்டது. என் முழங்காலுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே ஒரு விரல்கூட இடமில்லை. ஓட்டியவர் எங்களைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. அந்தப் பார்க்காத முகம் எனக்கு நன்றாகத் தெரியும், ஐயா! அது என் முகம். வெட்கமாக இருந்தது எனக்கு. "பத்து மணி ஆயிடுமேம்மா" என்று நான்தான் பதறினேன். "பழக்கம்தான் சார்" என்றாள் அவள்.

சிவப்பு ஒருவழியாக நகர்ந்தது. அடுத்தது ஒரு சாம்பல் நிறக் கார். அதன் சொந்தக்காரர் பின்னால் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தம்முடைய வண்டியை, தாமாகவே, ஒரு சாண் ஒதுக்கினார்! யார் சொல்லி ஒதுக்கினார்? எந்தச் சட்டம் சொல்லி ஒதுக்கினார்? எந்தக் கம்பம் நட்டு ஒதுக்கினார்? மனசு சொல்லி ஒதுக்கினார், மகராசன்!

அவள் வலது காலை நீட்டினாள். எனக்கு உள்ளம் பொங்கிவிட்டது. நானும் நீட்டினேன். அவள் தரையை ஒட்டி அளவாக நீட்டினாள்; நான் உற்சாகத்தில் உயரத் தூக்கிவிட்டேன்.

ஏதோ ஒன்று பறந்தது.

என்ன அண்ணே, உறையைத் தூக்கிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம், அண்ணே. திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே போய், உங்கள் கையிலிருந்த டீக் கப்பைத் தட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையை நனைத்துவிட்டு, உங்கள் மடியில் போய் உட்கார்ந்தது. "நிறுத்தும்மா, என் செருப்பு!" என்றேன். "இந்தச் சந்துல நிறுத்த முடியாது சார்!" என்றாள். திரும்பிப் பார்த்தேன். முன் கண்ணாடியில் நம் சங்கத்தின் ஸ்டிக்கர். உள்ளே நம் தலைவர். அடுத்த நொடி நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிறுத்தாதேம்மா, போ, போ, போ!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன். பல் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தது, கச்சேரியும் களை கட்டியது. ஆனால் மறுநாள் சிரிப்பு நின்றுவிட்டது. தலைவரின் புகார் போனதும் கம்பெனியில் அவளைக் கூப்பிட்டு, "பின்னாடி உட்கார்ந்து செருப்பு வீசினது யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். முந்தின சாயந்திரமே இந்த வீரன், இந்த மேடைச் சிங்கம், அவளுக்குப் போன் போட்டு, "என் பேரை மட்டும் சொல்லிடாதேம்மா, எனக்குச் சங்கத்துல பதவி இருக்கு" என்று கெஞ்சியிருந்தேன். "சரி சார்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். சொன்னபடி நின்றாள். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, சங்கம் சமாதானமாகிறவரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். செருப்பு பறந்து பத்தொன்பது நாள்! பத்தொன்பது நாளும் நான் கடை திறந்தேன், கடை சாத்தினேன், காரில் போனேன், காரில் வந்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை. நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

நேற்று அவளே போன் செய்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "சார், நாளைக்குக் கூட்டமாமே, நான் வரலாமா? வாசல்ல நின்னு என்ன ஆகுதுன்னு கேட்டுட்டுப் போயிடுறேன்" என்றாள். உள்ளேயே வந்து உட்காரச் சொன்னேன்; அதோ, கதவோரம் ஹெல்மெட்டோடு இருப்பது அவள்தான். இதற்குமேலும் நான் வாய் மூடி இருந்தால் நான் மனுஷனா?

சான்று இல்லாமல் பேசுகிறவன் அல்ல நான். இதோ, இந்தத் துணிப்பையில்... சற்று இருங்கள், முடிச்சு இறுகிவிட்டது... இதோ! தலைவர் உறையில் இருப்பது வலது கால். என் கையில் இருப்பது இடது கால். அதன் பெருவிரல் வாரைப் பாருங்கள், இதன் வாரையும் பாருங்கள். பழுப்பு நூல் தீர்ந்துபோய் வெள்ளை நூலில் போட்ட தையல், இரண்டிலும்! முதல் வரிசையில் முறைக்கிறாயே, ஒற்றைச் செருப்பை நாய் தூக்கிப் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேனேம்மா, நம் தெருவில் நாயே கிடையாது. ஆமாம், வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்.

அண்ணே! வழி விட்டதற்குச் செருப்படியா என்று நொந்துபோய்த்தான் நீங்கள் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தீர்கள். அது அடியல்ல, அண்ணே! அன்று அந்தப் பாலத்தில் நின்ற அத்தனை பேரில், ஒரு சாண் ஒதுங்கிய ஒரே மனிதருக்கு, இந்த அசடன் சொல்லத் தெரியாமல் சொன்ன நன்றி! கம்பம் நட்டுச் சந்தை அடைக்கலாம். நாளைக்கு அடைக்கப்படுவது எது? ஒருவருக்கொருவர் ஒதுங்கிக்கொள்ள நமக்கு மிச்சமிருக்கும் அந்த ஒரு சாண்! அதையும் அடைத்துவிட்டு, வெறும் தகரப் பெட்டிக்குள் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு உட்காரப்போகிறோமா? அன்று தாமாக ஒதுக்கிய கை, இன்று அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றவாளி இங்கே நிற்கிறேன். என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள், அவள் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்!

தலைவர் எழுந்திருக்கிறார். அண்ணே, அடிப்பதானால் மேடைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்... இல்லை, உறையைப் பிரிக்கிறார். என் செருப்பை என் காலருகே வைக்கிறார். அண்ணே, நீங்களா... கடிதத்தையும் தீர்மானத்தையும் எடுக்கிறார். கிழிக்கிறார், ஐயா, கிழிக்கிறார்! செயலாளர் அவர்களே, அழாதீர்கள், இன்னொரு நல்ல தீர்மானம் எழுதிக்கொள்ளலாம்.

பின்வரிசைக்கு மேசை மறைக்கிறதா? எழுந்து நின்று பாருங்கள். மகளே, நீயும் எழுந்து பாரம்மா! எங்கள் தலைவர் உன்னைப் பார்த்தபடி வலது காலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். உனக்கு அர்த்தம் தெரியும். இன்று முதல் எங்களுக்கும் தெரியும்.

எதிர்பார்த்த பேச்சைப் பேசாத என்னைப் பொறுத்துக்கொண்ட அவைக்கும், செருப்பைப் பத்திரமாக வைத்திருந்த அண்ணனுக்கும், பெயர் சொல்லாமல் என் மானத்தைக் காத்த மகளுக்கும், இரு கை கூப்பி, ஒரு கால் நீட்டி நன்றி சொல்லி அமர்கிறேன். இந்த முறை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நீட்டுகிறேன். வணக்கம்!