ஏழாவது ஷரத்தும் ஒரு தண்ணீர் பாட்டிலும்

நான் நீட்டி முழக்கினால் மணியடிப்பதற்கென்றே விரலைத் தயாராக வைத்துக்கொண்டு அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற கார்டு அண்ணன் அவர்களே. வெயிலை முதுகில் வாங்கி, தண்டவாளத்தைத் தோளில் தாங்கிப் பாதை காக்கும் லைன் தோழர்களே. கண்ணிமைக்க நேரமின்றிக் கேபினில் காத்திருக்கும் சிக்னல் தோழர்களே. வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று தெரியாமல் சாப்பாட்டை மூடி வைத்தே பழகிப்போன தாய்மார்களே. உங்கள் அத்தனை பேரின் வசவையும் பதினோரு மாதமாக வாங்கிக் கட்டிக்கொண்ட கிளைச் செயலாளன் வணங்குகிறேன்.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன். நீங்களும் விடுங்கள், காசா பணமா?

பதினாறு அமர்வு, தோழர்களே. நிர்வாகத் தரப்பில் நாலு அதிகாரிகள் மாறினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் "முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். அழைத்தார்கள், ஆலோசித்தார்கள், ஆராய்ந்தார்கள், அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பினார்கள். நீங்களோ, "செயலாளர் தூங்குகிறார், எழுப்பாதீர்கள்" என்று சங்க அலுவலகச் சுவரில் சாக்பீஸால் எழுதினீர்கள். யார் எழுதியது? அதோ பின்வரிசையில் பாயின்ட்ஸ்மேன் சிரிக்கிறார். கையெழுத்து எனக்கு அன்றைக்கே தெரியும் ஐயா, உட்காருங்கள்.

ஆனால் நீங்கள் வைதது போதாது. நீங்கள் வைய வேண்டிய காரியம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன், ஏழாவது ஷரத்தை நான் அடித்துவிட்டேன்.

அது என்ன ஷரத்து? ஆறு மணி நேரம் வண்டி ஓட்டுகிறவருக்கு நடுவழியில் ஒரு நிலையத்தில் பத்து நிமிடம். இறங்க, கழிப்பறைக்குப் போக, ஒரு வாய் தண்ணீர் குடிக்க. வானத்தைக் கேட்டோமா? வண்டியையே கேட்டோமா? பத்து நிமிடம் கேட்டோம். நாலாவது அதிகாரி கால அட்டவணையை என் முன்னால் விரித்து, "இதுல எங்க நிறுத்தறது, நீங்களே காட்டுங்க" என்றார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. மற்ற ஷரத்துகளாவது பிழைக்கட்டும் என்று அந்த வரியில் கோடு போட்டேன். முப்பது வருஷம் எஞ்சின் ஓட்டியவன் நான். கழிப்பறைக்குப் போகணும் என்பதை வாய்விட்டுப் பேசவே எங்களுக்கு வெட்கம்.

மறுநாள் நம் கிளையின் ஒரே பெண் டிரைவர் வந்தார். நாமெல்லாம் தங்கச்சி என்று கூப்பிடுகிறோமே, அவர்தான். டியூட்டி முடிந்து நேரே வந்தவர், பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மேஜையில் வைத்தார். கழுத்து வரை தண்ணீர்.

"காலைல வீட்டுல ரொப்பினது அண்ணே. அப்படியே திரும்பி வந்துருக்கு. குடிச்சா இறங்கணும், இறங்க இடமில்ல. சிறுநீரகத்துல கல்லுன்னு டாக்டர் சொல்லிட்டார். தண்ணி குடி, இல்லேன்னா வேலையை விடுங்கறார். நீங்க போட்ட ஒரு கோட்டுல என் வேலையும் போச்சு."

உங்கள் வசவெல்லாம் சேர்ந்தும் எனக்கு உறைத்ததில்லை. அது உறைத்தது. "முடிஞ்சுபோச்சும்மா" என்றேன். "கையெழுத்து இன்னும் ஆகலையே? அடுத்த தடவை எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க" என்றார். போட்டேன்.

பதினாறாம் அமர்வு. தங்கச்சி தன் கையால் எல்லோருக்கும் டீ கொடுத்தார். பிறகு ஆளுக்கொரு பெரிய தம்ளர் தண்ணீர். பிறகு மறுபடியும் டீ. "என்னம்மா, இவ்வளவு உபசாரம்?" என்று அதிகாரி சிரித்தார்.

"ஒண்ணுமில்ல சார். இன்னைக்குப் பேச்சு என் வண்டி நேரப்படி நடக்கட்டும். ஆறு மணி நேரம், யாரும் நடுவுல எழுந்திரிக்கக் கூடாது. நான் தினமும் உட்கார்றேன், நீங்க ஒரு நாள் உட்காருங்க."

அதிகாரி வீம்புக்காரர். ஆகட்டும் என்றார். முதல் மணி முழக்கம், இரண்டாம் மணி முணுமுணுப்பு, மூன்றாம் மணி மௌனம். அதிகாரி காலை மாற்றி மாற்றிப் போட்டார். தன் தம்ளரை மட்டும் தொடாத தங்கச்சி, அசையாமல் ஷரத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. எழுந்தது யார்? அதிகாரி என்கிறீர்களா? இல்லை தோழர்களே, நான். எனக்குச் சர்க்கரை என்பது இதுவரை என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும், இனி ஊருக்கே தெரியும். ஷரத்தை அடித்த அதே கையால் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். பின்னாலேயே ஷூ சத்தம். திரும்பிப் பார்த்தால் அதிகாரி.

கை கழுவும் இடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். குழாயை மூடிவிட்டு மெல்லக் கேட்டார்: "அந்தப் பொண்ணு தினமுமா இப்படி?"

"தினமும் சார்."

"ஏழாவதைத் திரும்ப எழுதுங்க. எங்க நிறுத்தறதுன்னு நான் பார்த்துக்கறேன்."

பதினோரு மாதப் பேச்சில் நகராதது ஒரு குழாயடியில் நகர்ந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதா? இல்லை. வார ஓய்வு இன்னும் அரைகுறைதான், அதற்கு மறுபடி போவோம். ஆனால் ஒன்று சொல்கிறேன். வெட்கப்பட்டு விழுங்கியது எத்தனை? விதியென்று விட்டது எத்தனை? சின்ன விஷயம் என்று நாமே சிரித்து ஒதுக்கியது எத்தனை? அத்தனையையும் இனி மேஜைமேல் வைப்போம். அடிக்கிற பேனா என்னுடையதாக இருந்தாலும் பிடுங்குங்கள்.

இன்று காலை அந்த நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. முதல் வண்டியை ஓட்டியவர் தங்கச்சி. வேலையை விடவில்லை என்று டாக்டரிடமும் சொல்லிவிட்டார். வண்டியை விட்டு இறங்கி நேரே இங்கே வந்து, இந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்தார். மைக் பக்கத்தில் வைத்துக் குலுக்குகிறேன். கேளுங்கள்.

ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

தலைவரின் விரல் மணிக்குப் போய்விட்டது. கழிப்பறை வலப்பக்கக் கதவுக்கு வெளியே இருக்கிறது, எனக்காக யாரும் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். பொறுத்திருந்து கேட்டதற்கும், பொறுக்காமல் வைததற்கும் நன்றி. போய்வருகிறேன், வணக்கம்.