நிஸ்மியா டீச்சரின் கூரைக் கண்ணாடி

மேடையில் அமர்ந்திருக்கும் பாடசாலை அதிபர் அவர்களே, மௌலவி அவர்களே, உப்பளத்திலிருந்து கால் கழுவாமல் ஓடி வந்திருக்கும் என் சங்கத்து மக்களே! உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும்.

உப்பு உற்பத்தியாளர் சங்கச் செயலாளர் ரஸாக் பேசுகிறேன். எனக்கு மேடைப் பேச்சு வராது என்று, நம்மை விட்டுப் பிரிந்த மர்ஹூமா நிஸ்மியா டீச்சரே கேலி செய்வார். இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு துணிப்பையோடு புத்தளம் வந்தவர் அவர். பாடசாலைக் கூரையில் வெயில் அளக்கும் கருவியை வைத்து, தினமும் நண்பகலில் குறித்தவர் யார்? நிஸ்மியா டீச்சர்! சூரியன் தரும் சக்தியைச் செய்மதிகள் பூமியைச் சுற்றியபடி வானத்திலிருந்து அளக்கின்றன என்று எமக்குச் சொன்னவர் யார்? நிஸ்மியா டீச்சர்!

யுத்தம் முடிந்து எட்டாவது வருடம். இரண்டு போகமாக உப்பு சரியாக விளையவில்லை. டீச்சரின் கருவியும் வெயில் நூற்றுக்கு ஆறு குறைந்ததாகக் காட்டியது. அதை அவரே சங்கத்தில் சொன்னார். சூரியனே கைவிட்ட பிறகு அளம் எதற்கு? நாற்பது குடும்பங்களின் அளத்தை ஹோட்டல் கட்ட விற்க முடிவெடுத்தோம். விற்பனை உறுதிப் பத்திரம் தயார், பேனையையும் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் டீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். அன்று காலை செய்மதிக் கணக்கோடு தன் கணக்கை ஒப்பிட்டிருக்கிறார். காற்றும் மேகமும் எட்டாத உயரத்தில் அளந்தால், பதினொரு வருடச் சுற்றில் சூரியன் கூடிக் குறைவது ஆயிரத்தில் ஒரு பங்களவுதான். அப்படியானால் மேகமில்லாத நண்பகலிலும் குறைந்த அந்த ஆறு எங்கே போனது? கூரையில் ஏறி, கருவியின் கண்ணாடியை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"கையெழுத்து வைக்காதீங்க. சூரியன் கொறயல்ல. என்ட கண்ணாடியிலதான் உப்புப் படிஞ்சிருக்கு. பிழை என்ட."

உப்பு ஊரில் இருந்துகொண்டு உப்பைத் தெரியவில்லையா என்று சிரித்தவன் நான்தான்.

"ஓம் ரஸாக் நானா, தெரியல்ல. இனித் தெரியும்," என்றார்.

ஊர் கூடிய சபையில் தன் பிழையைத் தானே சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? எனக்கு வராது. விளைச்சலைக் கெடுத்தது பருவம் தப்பிய மழைதான். மழை விலகியதும் உப்பு விளைந்தது. நாற்பது குடும்பங்களும் இன்று இங்கே இருக்கின்றன. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார் டீச்சர்.

அவரை அடக்கம் செய்து இன்றோடு பத்து நாள். இன்று நண்பகல் நான் கூரைக்கு ஏறினேன். வெயில் குறைந்துவிட்டதாகக் கருவி காட்டியது. உடுத்திருந்த என் சாரன் நுனியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். அளவு ஏறியது.

அன்னார் உறங்கும் கப்றை அல்லாஹ் ஒளியாக்குவானாக. நாளைக் காலையும் நான்தான் துடைப்பேன், டீச்சர்.