ஆளுக்கொரு அட்டை

வினிதாவுக்கு மாத்திரை முழுங்கவே தெரியாது, மேடம். கல்யாணமாகி வந்த புதிதில் தலைவலி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் மட்டும் உள்ளே போகும், மாத்திரை நாக்கிலேயே நிற்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். முதலில் ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொள், அப்புறம் மாத்திரையைப் போடு என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள். நல்ல பெண், சொன்னதைக் கேட்பாள்.

இந்தப் புகாரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் என் மாத்திரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் மாத்திரையிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

எனக்கு ஊர் முசிறிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்தேன். வண்டிக்குப் பாகம் செய்கிற கம்பெனி, குவாலிட்டியில் ட்ரெய்னி. அங்கேதான் சௌந்தரராஜனைப் பார்த்தேன். வேப்பனப்பள்ளிக்காரர். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி 2004இல் கல்யாணம் செய்துகொண்டோம். எங்கள் கம்பெனியில் பெண்களைப் பர்மனன்ட் செய்யும் முன் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். ஆகிவிட்டது என்றால் அடுத்த கேள்வியை வாயால் கேட்க மாட்டார்கள், வயிற்றைப் பார்ப்பார்கள். என்னோடு சேர்ந்த ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள். போனவள் போனவள்தான், திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் நானும் அவரும் உட்கார்ந்து பேசினோம். டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். பர்மனன்ட் ஆனதும் நிறுத்திவிடலாம், அப்புறம் குழந்தைக்குத் தடையில்லை என்று சொன்னார். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் இவ்வளவு தெளிவான முடிவு வேறு கிடையாது. மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும், பாவம் சேரும் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். எப்போது பெற்றுக்கொள்வது என்பது என் உடம்பு, என் விஷயம். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இந்த இடத்தில் நீங்களும் தலையை ஆட்டுகிறீர்கள். சந்தோஷம்.

பாகலூர் ரோடு பக்கம் வாடகை வீடு. மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அத்தை எங்களோடு இருந்தார். சாந்தம்மா என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கெட்டவர் இல்லை, ஆனால் எந்த விஷயமும் அவர் வாயில் தங்காது. அவரிடம், கர்ப்பப்பை கொஞ்சம் பலவீனம், டாக்டர் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு வருஷம் பொறுத்தார். அப்புறம் கொழுந்தனார் மணிவேலுக்கு நாகரசம்பட்டியில் பெண் எடுத்தார்கள். வினிதா வந்தாள். வந்த அன்றைக்கே அத்தை அவள் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் வயிற்றையும் பார்த்தார்.

“சின்னவ மொதல்ல பெத்துட்டான்னா, நீ அந்தக் கம்பெனியக் கட்டிக்கினு அழ வேணாம். வூட்டோட இருந்து வைத்தியம் பாத்துக்க. நான் சொன்னா பெரியவன் தட்ட மாட்டான்” என்றார்.

தட்ட மாட்டார்தான். என் வீட்டுக்காரர் எனக்கு நல்லவர், அம்மாவுக்கு அதைவிட நல்லவர். ஆக என் வேலை இருபது வயசுப் பெண்ணின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்.

வினிதா வெளுத்துப்போன உடம்புக்காரி. மாதாமாதம் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுவாள். ரத்தம் குறைவு என்று கல்யாணத்துக்கு முன்பே அவள் ஊர் டாக்டர் சொல்லியிருந்தாராம். நான் சத்து மாத்திரை வாங்கி வருகிறேன் என்றேன். மெடிக்கலில் அன்றிலிருந்து ஆளுக்கொரு அட்டையாக இரண்டு அட்டை வாங்கினேன். அவளுடையதைப் பிதுக்கி எடுத்து, சாப்பாடு ஆனதும் கையில் கொடுப்பேன். எனக்கு நைட் ஷிஃப்ட் என்றால் கிளம்பும் முன் கொடுத்துவிடுவேன். ஒரு நாளும் தவறியதில்லை. வேலையிலும் நான் அப்படித்தான், விசாரித்துப் பாருங்கள்.

அந்த அட்டையில் மூன்று வரிசை வெள்ளை, கடைசி வரிசை பழுப்பு. பழுப்பு நிஜமாகவே இரும்புச்சத்து. அந்த ஒரு வாரம் நான் பொய்யே சொல்லவில்லை.

“என்னாக்கா, கலரு மாறுது?” என்று ஒரு தரம் கேட்டாள்.

“மாசத்துல ஒரு வாரம் இது போடணும்” என்றேன். சரி என்று முழுங்கிவிட்டாள்.

முதல் மாதம் அவளுக்குக் குமட்டியது. எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது, இந்த மாத்திரைக்கு அது சகஜம். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு உணர்ச்சி மிஞ்சினால் தெலுங்கு வந்துவிடும். பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாவற்றிலும் தெலுங்கில் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் வினிதா குளித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அத்தை அன்று முழுக்கத் தெருப்பக்கமே போகவில்லை.

ஆனால் உடம்பு தேறியது, மேடம். இதை எழுதிக்கொள்ளுங்கள், யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள். வலி போனது. முகத்தில் களை வந்தது. “இந்த மாசம் வலியே இல்லக்கா, ஒங்க கைராசி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அதற்கு முன் யார் என்ன செய்தார்கள்?

ஒரு வருஷம் என்று நினைத்தது இழுத்துக்கொண்டு போனது. ஆர்டர் குறைந்துவிட்டது என்று எங்கள் பேட்ச் முழுவதையும் தள்ளிப்போட்டார்கள். அது என் தப்பு இல்லை. பர்மனன்ட் ஆனதும் சொன்னபடி நிறுத்தினேன். நான்காம் மாதமே நின்றுவிட்டது. 2007இல் ஸ்ரீராம் பிறந்தான். கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போது அவளுடையதை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஒரு வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் அடுப்படியில் யார் நிற்பது? பிரசவமான பிறகு இன்னும் கஷ்டம். மூன்று மாதத்தில் லீவு முடிந்து நான் கம்பெனி பஸ் ஏற வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, ஓடுகிற குழந்தையைப் பிடிக்க முடியாது. வினிதா ஸ்ரீராமைப் பார்த்துக்கொண்டதுபோல் சம்பளத்துக்கு யாரும் பார்க்க மாட்டார்கள். குளிக்க வைப்பது, ராகிக் கூழ் ஊட்டுவது, காய்ச்சல் வந்தால் தூங்காமல் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவள்தான். அவளுக்கென்று ஒன்று பிறந்தால் இதெல்லாம் நடக்குமா? நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவன் அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருப்பான். பேச்சு வந்ததும் அவளை அம்மா என்றான், என்னை ஜோதி என்றான். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும்? பொறுத்துக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மையை மட்டும் யாரும் பேசுவதில்லை.

கர்ப்பமாக இருந்த மாதங்களில் நான் ஒரே அட்டைதான் வாங்கினேன். மெடிக்கல்காரர் ஒரு தரம் நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார். “தங்கச்சிக்குங்க” என்றேன். பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் வினிதாவைக் காட்டினோம். நான்தான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஸ்கேன், ரத்தம், கொழுந்தனாருக்கும் டெஸ்ட், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். “சத்து மாத்திரை மட்டுந்தான், அக்கா குடுப்பாங்க” என்று என்னைக் காட்டிச் சிரித்தாள். டாக்டரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். எந்த மாத்திரை என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை.

அத்தை விரதம் இருக்கச் சொன்னார், இருந்தாள். கோயிலில் மண்சோறு சாப்பிடச் சொன்னார், தரையில் கொட்டிய சோற்றை முந்தானையை இழுத்துக்கொண்டு குனிந்து சாப்பிட்டாள். பார்க்க எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் மாத்திரை கொடுத்தேன். பட்டினி கிடந்த உடம்பு, ஒரு நாள் விட்டால் தாங்காது.

மூன்று வருஷம் ஆனதும் அத்தை அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார். மகனுக்கு வேறு இடம் பார்ப்பதாகப் பேச்சு. அது நான் திட்டம் போட்டது இல்லை. அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம் என்கிறீர்கள். திறந்தால் அத்தை என்னை அதே பஸ்ஸில் ஏற்றியிருப்பார். ஸ்ரீராமுக்கு அம்மா வேண்டாமா? போகிறவளை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், ஒரு பழைய விட்டமின் டப்பாவில் வெள்ளை மாத்திரைகளை நிரப்பி, தினமும் போட்டுக்கொள் என்று கொடுத்தேன். கொழுந்தனார் இளகின மனசுக்காரர். அம்மாவுக்குத் தெரியாமல் அவளைப் போய்ப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். பார்க்கத்தான் போனார்.

அவள் போட்டுக்கொள்ளவில்லை. யாருக்காக உடம்பைத் தேற்ற வேண்டும் என்று ஒரு மாதத்தோடு விட்டுவிட்டாளாம். மூன்று வருஷத்தில் அவள் என் பேச்சைக் கேட்காதது அது ஒன்றுதான்.

இந்த வருஷம் மாங்காய் சீசனில் அவள் அப்பா பெரியதம்பி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்றார். அத்தை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“என் வூட்ல மூணு வருசம் இருந்தப்ப தங்காதது, அப்பன் வூட்டுக்குப் போனதும் எப்பிடித் தங்கிச்சி? யாருது?” என்று கேட்டார்.

கொழுந்தனார் எழுந்து நின்றார். “நான் போனன்மா. ரெண்டு தடவ போனன்” என்றார்.

“மூணு வருசத்துல ஆவாதது ரெண்டு தடவையில ஆயிடுச்சாடா?”

அவர் மெதுவாக வினிதாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் வந்ததை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் வந்தாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. என்னப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிதானமாகச் சொன்னேன். “மூணு வருஷமும் என் கண்ணு முன்னாடிதான் இருந்தா. ஒரு குறையும் இல்லைன்னுதான் டாக்டர் சொன்னாங்க. அப்பவும் நிக்கலை. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

இதில் கடைசி வாக்கியத்தைத் தவிர எந்த வார்த்தை பொய், மேடம்? கொழுந்தனார் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார். வினிதா அழவில்லை. ஸ்ரீராம் அம்மா, அம்மா என்று அவள் புடவையைப் பிடித்தான். அவள் அவன் விரல்களைப் பிரித்துவிட்டு, தூக்காமல், அப்பாவோடு நடந்தாள். குழந்தை கேட் வரைக்கும் ஓடினான். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பெரியவர்கள் சண்டையில் குழந்தையை ஏன் தண்டிக்க வேண்டும்?

மிச்சம் உங்களுக்கே தெரியும், புகாரை வாங்கியவரே நீங்கள்தானே. கர்ப்பத்தைப் பதிவு செய்ய வந்த நர்ஸம்மா என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். வினிதா அந்த டப்பாவை எடுத்துக் காட்டி, முன்னெல்லாம் மூன்று வாரம் வெள்ளை, ஒரு வாரம் பழுப்பு என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸம்மா ஒன்றை உள்ளங்கையில் போட்டுப் பார்த்துவிட்டு, இதை யார் கொடுத்தது என்று கேட்டாராம். அவள் என் பேரைச் சொன்னாளாம். அப்போதும் அக்கா என்றுதான் சொன்னாளாம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வினிதாவுக்கு நான் கொடுத்தது கருத்தடை மாத்திரை. தெரிந்தே கொடுத்தேன், அவளுக்குத் தெரியாமல் கொடுத்தேன். அவளிடம் எந்தக் குறையும் கிடையாது. அந்தக் குழந்தை மணிவேலுடையது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இரண்டு பெண்களில் ஒருத்தியாவது நினைத்தபோது நினைத்தபடி பெற்றுக்கொண்டாள். அதற்கு வருத்தப்படச் சொன்னால் எனக்கு வராது.

அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், மேடம். பிரசவம் ஆனதும் அடுத்ததற்கு அவசரப்பட வேண்டாம், ஒரு இரண்டு வருஷம் இடைவெளி விடட்டும். வாயைத் திறந்து எதையும் கேட்கிற பெண் இல்லை அவள், மாத்திரைக்கு யாரிடமும் போய் நிற்கக் கூச்சப்படுவாள். என்னிடம் வரச் சொல்லுங்கள். அவள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத்தான் தெரியும்.