அலீனா வந்திருக்கா

— நீங்க புதன்கிழம ஆனா வேலூர்லேர்ந்து வந்து அலீனாவுக்கு தெரபி குடுத்துட்டுப் போயிட்றீங்க ஆல்வின் சார். மத்த நாள்ல பேஜார் எனக்கில்ல?

— அலீனா வீட்ல நல்லாதான பேசுறா, அம்பிகா மிஸ்?

— அவங்கம்மா ஷூ கம்பெனிலேர்ந்து வந்ததும் காது வலிக்கப் பேசுறாளாம். இங்க ரெண்டு வருஷமா ஒரு வார்த்த இல்ல.

— பக்கத்துல உக்கார்றாளே, ஜோதி?

— கையப் புடிச்சிக்கினே சுத்துவாங்க. அவகிட்டயும் பேச்சு கெடையாது. இந்த வாரத்துக்குள்ள வாயத் தெறக்கலன்னா வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுங்கன்னு ஹெச்.எம். சொல்லிட்டாரு. அவங்கம்மா அழுதுட்டுப் போனாங்க. எனக்கு மனசே ஆறல சார்.

— அனுப்ப வேணாம். பயம்தான் தொண்டைய அடைக்குது. தெரபி ரூம்ல என்கிட்ட மட்டும் பேசி இன்னா பிரயோஜனம், இங்க கிளாஸ்ல பேசணும். நான் பாதி, நீங்க பாதி.

— என் பாதில இன்னா கம்மி?

— கோச்சிக்காதீங்க. அட்டெண்டன்ஸ்ல அவ பேரு வந்ததும் நீங்களே ‘அலீனா வந்திருக்கா’ன்னு சொல்லிட்றீங்க.

— பாவமா இருக்கே.

— இன்னிக்கு அந்தப் பாவம் பாக்காதீங்க. பேரச் சொல்லிட்டு கொஞ்சம் பொறுங்க. மொறச்சுப் பாக்காதீங்க. வரலன்னா அடுத்த பேரு. அவ்ளோதான்.

— எனக்கே பயமா இருக்கு சார்.

— பின்னாடி பெஞ்சுல நான் இருக்கேன். பேசுவா மிஸ். எனக்கு சந்தேகமே இல்ல.

— சரி, உள்ள வாங்க சார்... பசங்களா, எல்லாரும் உக்காருங்க. அட்டெண்டன்ஸ். ஆதிகேசவன்?

— உள்ளேன் மிஸ்.

— அலீனா?

— அவ பேச மாட்டா மிஸ்.

— உன்னக் கேக்கல காஷிஃப். அவளத்தான் கேட்டேன்.

— ...

— சரி. காஷிஃப்?

— உள்ளேன் மிஸ்.

— கிறிஸ்டினா?

— உள்ளேன் மிஸ்.

— புகழேந்தி?

— உள்ளேன் மிஸ்.

— முடிஞ்சுது. இங்க வாங்க சார். பாத்தீங்களா, வரல.

— நாளைக்கும் கூப்புடுங்க.

— ஹெச்.எம்.முக்கு இன்னா பதில் சொல்றது?

— அத நான் பேசிக்கறேன். நீங்க கூப்பிட்டுட்டே இருங்க.

— இருங்க சார். யாருப்பா அங்க முணுமுணுக்கறது?

— மிஸ்... அலீனாதான் மிஸ்!

— அலீனாவா? இன்னாடா கண்ணு?

— ஜோதிய விட்டுட்டீங்க மிஸ். ஜோதி வந்திருக்கா.