கரைக்குரல்

அம்பத்தூரிலிருந்து ஆவடிவரை மூடநம்பிக்கை அறவே இல்லாத ஆள் நான் ஒருவன்தான், ஐயா. தண்டவாளத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கர்வம் என்று நினைக்க வேண்டாம். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

எங்கள் வீடு கள்ளிக்குப்பத்தில். அம்மா ராஜம்மாவும் அக்கா பத்மாவும் கூடை பின்னுவார்கள். ஏரியில் ஆளை மறைக்கும் உயரத்துக்குச் சம்பங்கோரை நிற்கும். அதை அறுத்து வந்து, காயவைத்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கிப் பின்னுவார்கள். நான் அப்போது பி.ஏ. இரண்டாம் வருடம். பாதி பின்னிய கூடைக்குள் படுத்திருக்கும் பூனையைத் தூக்கி வெளியே விடுவதுதான் வீட்டில் என் தொழில்.

அப்புறம், கரையில் உட்காருவது. ஒருவர் கோரைக்குள் இறங்கினால் இன்னொருவர் கரையிலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர், இருக்கிறேன் என்பதற்கு, "கீறேன்" என்பார். எங்கள் தெருவில் இது சட்டம். எதற்கு என்று அம்மாவைக் கேட்டேன்.

"நாம கூப்டாங்காட்டி ஏரிக்காரி கூப்டுவாடா." ஏரிக்குள் இருக்கும் பேயாம்; அவள் குரலைக் கேட்டுப் போனவர் திரும்ப மாட்டாராம்.

இதைக் கல்லூரியில் அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். நல்ல கைதட்டல். அந்த வருடம், அதாவது அறுபத்தெட்டில், பேச்சுப் போட்டிக்கு மூடநம்பிக்கைதான் தலைப்பு. ஏரிக்காரியை மேடையேற்றத் தீர்மானித்தேன். ஆனால் நடுவர்கள் ஆதாரம் கேட்பார்கள். ஒரு நாள் கூப்பிடாமல் இருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று காட்டினால் போதும். விஞ்ஞானமே இப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

மாசி மாதம், உச்சிவெயில். அக்கா அரிவாளோடு இறங்கினாள். நான் வேப்பமரத்தடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் அறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா.

"டேய் லோகு, கீறியா? இன்னாடா, காலேஜு தொரைக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பதில் சொன்னால் சோதனை கெட்டுவிடும். அவள் மறுபடி கூப்பிட்டாள். திட்டினாள். அப்புறம் குரல் மாறியது.

"வெளாடாதடா. கரை எந்தப் பக்கம்? எங்க பார்த்தாலும் கோரையாத்தான் கீது."

அப்போதுதான் விளங்கியது. கூப்பிடுவது ஏரிக்காரிக்காக இல்லை. உள்ளே இருப்பவருக்குத் திசை தெரிவதற்காக. மிகவும் அறிவுள்ள ஏற்பாடு. மனதுக்குள் பாராட்டினேன். ஆனால் விளங்கியது வேறு, சோதனை வேறு. பாதியில் நிறுத்திய சோதனையை யார் மதிப்பார்கள்?

அவள் குரல் தெற்கே நகர்ந்தது. அங்கே சூளைக்காரர்கள் மண் வெட்டிய பள்ளம், தண்ணீருக்கடியில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தான் தெற்கே போகிறோம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

கடைசியாக அவள் திட்டவில்லை. "லோகு, ஒரு தபா பேசுடா" என்றாள். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுத் துலுக்கானம்தான் மூழ்கி உடலைத் தேடி எடுத்தார். தொண்டை வறளக் கூப்பிட்டேன், அக்கா பதிலே சொல்லவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கம்மிய குரலில் சொன்னேன். நடிப்பு எனக்கு வரும். அம்மா நம்பினாள். ஏரிக்காரி முந்திக்கொண்டாள் என்று என்னைத்தான் தேற்றினாள். அக்கா அறுத்துக் கட்டிய கோரைக்கட்டு மட்டும் மிதந்து கரைக்கு வந்தது. அம்மா அதை வீணாக்காமல் கூடையாகப் பின்னிவிட்டாள். அதற்குள் பூனை படுப்பதில்லை. பூனைகளுக்குப் பகுத்தறிவு கிடையாது.

போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான். ஏரிக்காரி பகுதியைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன். ஆதாரம் சாதகமாக அமையவில்லை.

விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்ட விஷயம் இது. திருத்தி எழுதுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். மனசாட்சி, ஆவி என்றெல்லாம் காரணம் போட வேண்டாம். அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. செத்தவர்கள் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கள்ளிக்குப்பத்திலிருந்து இந்த ஸ்டேஷன்வரைக்கும் கேட்காது.

ஒரு நிமிஷம் எழுதுவதை நிறுத்துங்கள், ஐயா. பேனா கீறுகிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

"கீறேன்க்கா. இங்கதான் கீறேன்."